தோல் நோய்க்கு எதற்குப் படுக்கை?

"வெறும் தோல் வியாதிதானே டாக்டர், இதற்குப் போய் அட்மிட் ஆக வேண்டுமா?" என்ற கேள்வியைக் கேட்காத வாரம் ஒன்று என் பணிக்காலத்தில் இருந்ததாக நினைவில்லை. கேட்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தோல் மருத்துவரிடம் வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் தேமல், படர்தாமரை, முகப்பரு, முடி உதிர்வு, அரிப்பு என்று வந்து ஒரு களிம்போடும் சில மாத்திரைகளோடும் வீடு திரும்பிவிடுகிறார்கள். ஆகவே தோல் பிரிவு என்றதும் நீண்டு நிற்கும் வரிசையும் விரைவாக நகரும் புறநோயாளி அறையும்தான் எவருக்கும் நினைவுக்கு வரும். அந்தப் பிரிவுக்கென்று தனியாக ஒரு வார்டு இருக்கிறது என்பதும், அங்கே உயிருக்குப் போராடுபவர்கள் உண்டு என்பதும் மருத்துவத் துறையில் இருப்பவர்கள் சிலருக்கே வியப்பாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். நெஞ்சுவலி என்று வந்தவருக்குப் படுக்கை கேட்டால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. உடம்பெல்லாம் சிவந்து தோல் உரிகிறது என்று வந்தவருக்குக் கேட்டால், கேட்டவர் சற்று மிகைப்படுத்துகிறாரோ என்ற ஐயம் எதிரில் இருப்பவரின் முகத்தில் தெரியும்.

பார்வைக்கு எவ்வளவு கோரமாக இருக்கிறது என்பது படுக்கைக்கான அளவுகோல் அன்று. உடல் முழுவதும் வெண்புள்ளி பரவிய ஒருவர் மருத்துவமனையில் படுத்திருக்க எந்தத் தேவையும் இல்லை. முழங்கையிலும் முழங்காலிலும் தடித்த செதில்களோடு பல ஆண்டுகளாகச் சோரியாசிஸுடன் நடமாடுபவருக்கும் இல்லை. ஆனால் மார்பில் மங்கலான சில சிவப்புத் திட்டுகள், காய்ச்சல், கண்ணில் உறுத்தல், உதட்டில் ஒரு புண், இரண்டு வாரத்துக்கு முன் புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை என்ற விவரங்களோடு வருபவரை அந்த நிமிடமே உள்ளே அனுப்பிவிடுவோம். வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு, தங்களுடையதைவிட மிகச் சிறியதாகத் தெரியும் ஒரு நோய்க்கு ஏன் இத்தனை பரபரப்பு என்பது விளங்காது. தோலின் தோற்றம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை. தோலின் வேலை எவ்வளவு நின்றுபோயிருக்கிறது, நாளைக்குள் இன்னும் எவ்வளவு நின்றுபோகக்கூடும் என்றுதான் பார்க்கிறோம்.

அந்த வேலை என்னவென்று சொல்லியாக வேண்டும். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரை வரும். உடலின் நீரை உள்ளே நிறுத்துவதும், வெப்பத்தைத் தேவைக்கேற்பப் பிடித்து வைப்பதும் வெளியே விடுவதும், கிருமிகளை வாசலிலேயே தடுப்பதும் அதன் அன்றாடக் கடமைகள். சிறுநீரகம் செயலிழந்தால் உடலில் என்னென்ன நடக்கும் என்பதை இப்போது பெரும்பாலோர் அறிந்திருக்கிறார்கள். தோலும் அதே போல ஓர் உறுப்புதான், அதுவும் செயலிழக்கும், அதற்கு மருத்துவத்தில் 'தோல் செயலிழப்பு' என்றே பெயர் என்று சொன்னால் மட்டும் நம்பத் தயங்குகிறார்கள். எவ்வளவு பரப்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, அவருடைய உடற்பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். அதைக் கொண்டே கட்டில் அருகில் நின்று கணக்கிட்டுவிடலாம்.

உடற்பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் சிவந்து, செதில் செதிலாக உதிரத் தொடங்கும் நிலையை எரித்ரோடெர்மா என்கிறோம். இது தனியொரு நோய் அன்று. பல நோய்கள் வந்து சேரும் ஒரே முச்சந்தி. நெடுநாளாக இருந்த சோரியாசிஸ், எக்ஸிமா எனப்படும் கரப்பான், மருந்து ஒவ்வாமை, சில வேளைகளில் தோலில் வெளிப்படும் நிணநீர்ப் புற்று ஆகியவற்றுள் எதுவும் காரணமாக இருக்கலாம். எவ்வளவு தேடியும் காரணம் அகப்படாதவர்களும் உண்டு. இத்தகைய நோயாளியைத் தொட்டால் கை சுடும். அவரோ குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பார். முதன்முதலாக இதைப் பார்க்கும் மருத்துவ மாணவர்கள் குழம்பிப்போவார்கள். தோலின் இரத்தக் குழாய்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் விரிந்து கிடப்பதால், உடலின் உள்வெப்பம் ஓட்டைப் பானைத் தண்ணீர் போல வெளியேறிக்கொண்டே இருக்கிறது. நாம் தொட்டு உணர்வது அப்படி வெளியேறும் வெப்பத்தைத்தான். அவ்வளவு பெரிய பரப்புக்கு இரத்தத்தை அனுப்ப இதயம் இடைவிடாமல் கூடுதலாக உழைக்கிறது. இளம் வயதினர் இதைத் தாங்கிக்கொள்வார்கள். ஏற்கெனவே தளர்ந்த இதயம் உள்ள முதியவர், தோல் நோயோடு வந்து இதயச் செயலிழப்பில் விழுவார். படுக்கை விரிப்பிலிருந்து காலையில் கூட்டி அள்ளும் செதில்களோடு புரதமும் போய்க்கொண்டிருக்கும். இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறையும், பாதங்கள் வீங்கும், வெடிப்புகள் வழியே கிருமிகள் உள்ளே நுழையும்.

இவை எதையும் வீட்டில் இருந்தபடி கவனிக்க இயலாது. ஒவ்வொரு நாளும் எடை பார்க்க வேண்டும். உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் சிறுநீரையும் குறித்து வைக்க வேண்டும். காய்ச்சல் ஏறுகிறதா என்று பார்ப்பது போலவே உடல்வெப்பம் இயல்புக்குக் கீழே இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். பின்னது பலரும் மறந்துவிடுவது. வார்டில் முதல் சில நாள்களுக்கு இவர்களுக்கு நாங்கள் செய்யும் வைத்தியம் வெளியாருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம்: கதகதப்பான அறை, கெட்டியாகப் பூசும் பாரஃபின் களிம்பு, புரதம் மிகுந்த உணவு, சந்தேகத்துக்குரிய மருந்துகளை நிறுத்துவது, இடையிடையே இரத்தப் பரிசோதனை. இதற்கா கட்டில் என்று கேட்டால், இதற்குத்தான்.

எரித்ரோடெர்மாவோடு வரும் சோரியாசிஸ் நோயாளிகளிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "யாராவது கொடுத்த மாத்திரை அல்லது ஊசியால் உடனே நன்றாகக் கேட்டு, பிறகு அதை நிறுத்தினீர்களா?" விடை 'ஆம்' என்று வரும்போது வியப்பு ஏற்படுவதே இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை சோரியாசிஸைச் சில நாள்களில் அடக்கிவிடும். நிறுத்தியதும் நோய் முன்னைவிடப் பலமடங்கு மூர்க்கமாகத் திரும்பும், சிலருக்கு உடல் முழுவதும் சீழ்க் கொப்புளங்களாகவே திரும்பும். சீழ் என்றாலும் அதில் கிருமி இருப்பதில்லை. 1910இல் வான் சம்புஷ் என்ற மருத்துவர் விரிவாக எழுதிவைத்த இந்தச் சீழ்க் கொப்புளச் சோரியாசிஸ், கடும் காய்ச்சலோடும் இரத்தத்தில் கால்சியக் குறைவோடும் வரக்கூடியது. கர்ப்ப காலத்தில் வந்தால் தாய், சேய் இருவருக்கும் ஆபத்து. இதற்கென்றே உருவாக்கப்பட்ட ஸ்பெசொலிமாப் என்ற ஊசிக்கு அமெரிக்காவில் 2022இல்தான் ஒப்புதல் கிடைத்தது.

என் மனத்தில் நெடுநாள் தங்கிவிட்ட நோயாளிகள் பெரும்பாலும் மருந்து ஒவ்வாமையால் வந்தவர்கள். வேறொரு நோய்க்காக, முறையாக, ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை விழுங்கியதைத் தவிர அவர்கள் செய்த பிழை எதுவும் இல்லை. வலிப்புக்குத் தரும் கார்பமசெபின், ஃபெனிடாயின், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால், சல்ஃபா மாத்திரைகள், சில வலி நிவாரணிகள் என்று பட்டியல் சிறியதுதான். எல்லாமே இலட்சக்கணக்கானோர் எந்தத் தொல்லையும் இன்றி உண்ணும் நல்ல மருந்துகள். மருந்தைத் தொடங்கிய 4 நாள் முதல் 4 வாரத்துக்குள், மிகச் சிலருக்கு மட்டும், சளிக்காய்ச்சல் போலத் தொடங்கி, கண் சிவந்து, வாய் புண்ணாகி, தோலில் கருஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றி, தொட்டால் வலித்து, பிறகு ஈரத்தாள் கிழிவது போலத் தோல் கழன்று வரும். 1922இல் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு மருத்துவர்கள் இரண்டு சிறுவர்களிடம் கண்டு எழுதிய நோயும், 1956இல் லயல் என்பவர் வெந்நீர் கொட்டியது போன்ற தோலோடு நால்வரைக் கண்டு எழுதிய நோயும் ஒரே கோட்டின் இரு முனைகள் என்று இன்று கருதப்படுகின்றன. கழன்ற பரப்பு 10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற முதல் பெயர், 30 சதவீதத்துக்கு மேல் என்றால் டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ் என்ற இரண்டாம் பெயர், நடுவில் இருப்பது இரண்டும் கலந்தது. இரண்டாம் வகையில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறந்துபோகிறார்.

பாதி உடலின் மேல்தோல் கழன்ற ஒருவர் நாளொன்றுக்கு 3 முதல் 4 லிட்டர் நீரைத் தோல் வழியாகவே இழக்கக்கூடும். ஆகவே தீப்புண் நோயாளியைப் போலவே இவரையும் பார்த்துக்கொள்கிறோம்: தனியறை, 28 முதல் 32 டிகிரி வரையிலான வெப்பம், ஒட்டாத துணிக்கட்டு, அளந்து செலுத்தும் சலைன், வாயால் விழுங்க முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியாக உணவு. பிளாஸ்திரி ஒட்டக் கூடாது. பிரிக்கும்போது தோலும் கூடவே வரும். கழன்ற தோலை உரித்தெடுக்கவும் கூடாது. அதுவே இருப்பதில் நல்ல கட்டு. கண் மருத்துவர் அன்றே வந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் தோல் சில வாரங்களில் மூடிக்கொள்ளும். கவனிக்கப்படாத கண்ணில் இமையும் விழியும் ஒட்டி ஏற்படும் சேதம் ஆயுள் முழுவதும் நிற்கும். வந்தவரின் வயது, நாடித்துடிப்பு, கழன்ற பரப்பு, புற்றுநோய் உண்டா என்பது, இரத்தத்தில் யூரியா, சர்க்கரை, பைகார்பனேட் ஆகிய 7 விவரங்களைக் கூட்டிப் பார்த்து ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிடும் அட்டவணை ஒன்று இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் காத்திருக்கும் உறவினர்களிடம் பேசப் போவது எனக்கு இன்றுவரை பழகவில்லை.

இங்கே கட்டில் தருவதன் முதல் நோக்கம் மருந்து கொடுப்பது அன்று, மருந்தை நிறுத்துவது. காரணமான மாத்திரை எவ்வளவு முன்னதாக நிற்கிறதோ அவ்வளவுக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடும். இரண்டாவது நோக்கம், காத்திருந்து பார்ப்பது. மாலையில் 5 சதவீதமாக இருந்த பரப்பு மறுநாள் மாலைக்குள் 40 ஆகலாம், ஆகாமலும் போகலாம். முதல் நாளில் அதைச் சொல்லிவிடக்கூடிய மருத்துவர் எவரும் இல்லை. ஒன்றும் ஆகாமல் மூன்றாம் நாள் வீடு திரும்பியவர்கள், தேவையில்லாமல் சேர்த்துக்கொண்டதாக எங்களைக் கடிந்துகொண்டதும் உண்டு. அந்தக் கோபத்தை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஒவ்வாமையில் தோல் கழலாது. முகம் வீங்கும், நெறி கட்டும், உடல் சிவந்து அரிக்கும், ஆனால் உள்ளே கல்லீரல் எரிந்துகொண்டிருக்கும். மருந்து தொடங்கி 2 முதல் 8 வாரம் வரை கழிந்த பிறகு வருவதால், மாத்திரையின் மேல் எவருக்கும் சந்தேகமே எழாது.

பெம்ஃபிகஸ் நோயாளிகளின் கதை வேறு. அவர்களுக்கு நோய் புறத்திலிருந்து வருவதில்லை. தோல் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் டெஸ்மோகிளீன் என்ற புரதத்தை உடலின் எதிர்ப்புச் சக்தியே எதிரியாகக் கருதித் தாக்குகிறது. பலருக்கு வாய்ப்புண்ணாகத்தான் தொடங்கும். பல் மருத்துவர், வைட்டமின் மாத்திரை, வாய் கொப்பளிக்கும் மருந்து என்று சில மாதங்கள் கழிந்த பின், எளிதில் உடையும் கொப்புளங்கள் மார்பிலும் முதுகிலும் கிளம்பியதும் எங்களிடம் வந்து சேர்வார்கள். 1950களில் ஸ்டீராய்டு புழக்கத்துக்கு வரும் வரை இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இன்று கதை மாறிவிட்டது என்றாலும், நோயை அடக்கத் தேவைப்படும் ஸ்டீராய்டின் அளவு பெரியது. திறந்து கிடக்கும் புண்களோடு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தையும் சேர்த்துத் தருகிறோம் என்பதால், நோயைப் போலவே வைத்தியத்தையும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. சர்க்கரை ஏறும், இரத்த அழுத்தம் ஏறும், பழைய காசநோய் தலைதூக்கலாம். 2018இல் இந்நோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து, இரத்த நாளம் வழியே மெதுவாகச் செலுத்தப்படுவது. அதன் முதல் மணிநேரங்களில் செவிலியர் ஒருவர் அருகிலேயே இருந்தாக வேண்டும்.

எண்ணிக்கையில் அதிகம் என்று பார்த்தால், இத்தகைய அரிய நோய்களைவிடச் சாதாரணத் தொற்றுகளே தோலுக்காகக் கட்டில் தேட வைக்கின்றன. கால்விரல் இடுக்கில் ஒரு சேற்றுப்புண், அதன் வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி, இரண்டு நாளில் முழங்கால் வரை சிவப்பு, வீக்கம், காய்ச்சல்: இது செல்லுலைட்டிஸ். பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையே போதும். காய்ச்சலும் படபடப்பும் மிகுந்தாலோ, மனக்குழப்பம் கண்டாலோ, கண்ணைச் சுற்றி வந்தாலோ, மாத்திரை தொடங்கி இரண்டு நாள் ஆகியும் பேனாவால் வரைந்த எல்லைக் கோட்டைத் தாண்டிச் சிவப்பு நகர்ந்தாலோ இரத்த நாளம் வழியே மருந்து தேவை. இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி சிவந்திருந்தால் அது பெரும்பாலும் செல்லுலைட்டிஸ் அன்று, இரத்தம் தேங்கியதால் வரும் கரப்பான். அதற்காகத் தேவையில்லாமல் கட்டிலில் கிடந்து ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அஞ்ச வேண்டியது, தோற்றத்துக்குச் சற்றும் பொருந்தாத வலி. மேலே இலேசான சிவப்பு மட்டும் இருக்க, நோயாளி வலியில் துடிக்கிறார் என்றால், ஆழத்தில் தசையுறையைக் கிருமி தின்றுகொண்டிருக்கலாம். அவருக்குத் தேவை தோல் மருத்துவர் அல்லர், சில மணி நேரத்துக்குள் அறுவை அரங்கு.

குழந்தைகளைப் பொறுத்தவரை சேர்க்கும் வரம்பை நாங்கள் தாழ்த்தியே வைத்திருக்கிறோம். கரப்பான் உள்ள குழந்தைக்கு ஹெர்பிஸ் வைரஸ் தொற்றினால், ஓரிரு நாளில் துளையிட்டது போன்ற சிறு புண்கள் முகம் முழுவதும் பரவும்; அந்த வைரஸுக்கான அசைக்ளோவிர் மருந்தைத் தாமதிக்கக் கூடாது. ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியின் நச்சால் தோல் உரியும் சிறுவர்கள், பார்க்கப் பயமாக இருந்தாலும், சரியான ஆன்டிபயாடிக் கிடைத்தால் வடுவின்றித் தேறிவிடுவார்கள்.

தொழுநோய்க்காகவும் சிலரைச் சேர்க்கிறோம் என்றால் கேட்பவர்கள் உடனே வேறொன்றை நினைத்துக்கொள்கிறார்கள். ஊருக்கு நோய் பரவாமல் அடைத்து வைக்கும் வழக்கத்துக்கு இன்று எந்த மருத்துவக் காரணமும் இல்லை. 1981இல் உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைத்த கூட்டு மருந்துகளைத் தொடங்கியதுமே பரவும் வாய்ப்பு ஏறக்குறைய அற்றுப்போகிறது. இறந்த கிருமிகளுக்கு எதிராக உடல் திடீரெனச் சீறி எழும் 'ரியாக்‌ஷன்' என்ற நிலையில் நரம்பு வீங்கி, ஒரே இரவில் மணிக்கட்டு தொங்கிப்போகலாம், பாதம் தூக்க முடியாமல் போகலாம். அந்த நரம்பைக் காக்கத்தான் கட்டில்.

இனி, எந்தப் பாடநூலிலும் முதல் பக்கத்தில் வராத ஒரு காரணம். கடுமையான கரப்பானோடு, தனியாக வாழும் முதியவர் ஒருவர் மூன்று முறை புறநோயாளியாக வந்தார். மூன்று முறையும் சரியான களிம்புதான் எழுதப்பட்டிருந்தது, குணம் தெரியவில்லை. உடல் முழுவதும் ஒரு முறை பூச, வளர்ந்த ஒருவருக்கு ஏறக்குறைய 30 கிராம் களிம்பு வேண்டும்; நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்ததோ 15 கிராம் குழாய்கள் சில. அது போக, அவருடைய கை அவருடைய முதுகை எட்டாது. நான்காம் முறை சேர்த்துக்கொண்டோம். செவிலியர் இருவர் காலையும் மாலையும் அதே களிம்பைத் தாராளமாகப் பூசி, ஈரத்துணி சுற்றி வைத்தார்கள். நான்காம் நாள் அவர் பல மாதங்களுக்குப் பின் விடியும் வரை தூங்கினார். மருந்து மாறவில்லை, பூசும் கைதான் மாறியது. அந்தச் சேர்க்கைக்கான காரணத்தைக் கோப்பில் எப்படி எழுதுவது என்று நான் சற்று நேரம் யோசிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் 'முதுகு எட்டவில்லை' என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

உண்மையில் தோல் வார்டுகளின் பழைய வரலாறே இத்தகைய கைகளின் வரலாறுதான். கொள்ளைநோய்க்காக 1607இல் பாரிஸில் தொடங்கப்பட்ட செயின்ட் லூயி மருத்துவமனை 1801 முதல் தோல் நோயாளிகளுக்கென்று ஒதுக்கப்பட்டபோது, அங்கே தர முடிந்தவை பெரும்பாலும் குளியலும் களிம்பும் ஓய்வும்தான். 1925இல் கோக்கர்மன் என்ற மருத்துவர் சோரியாசிஸுக்குத் தார்க் களிம்பையும் புறஊதா ஒளியையும் சேர்த்துத் தரத் தொடங்கிய பின், அதற்காக நோயாளிகள் வாரக்கணக்கில் உள்ளே தங்கினார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தும், பிறகு இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அதன் குறிப்பிட்ட கண்ணிகளை மட்டும் தடுக்கும் பயலாஜிக் ஊசிகளும் வந்தபின் அந்தக் கட்டில்கள் காலியாயின. காலியானவை பல இடங்களில் வேறு பிரிவுகளுக்குப் போய்விட்டன. சோரியாசிஸுக்கு அது நல்ல செய்தி. ஆனால் பொதுவார்டின் மூலையில், தோல் கழன்ற ஒருவரை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று பழகியிராத ஊழியர்களிடம் ஒப்படைக்க நேரும்போது, காலியான கட்டில்களோடு கைப்பழக்கமும் சேர்ந்து போய்விட்டதே என்று எனக்குத் தோன்றும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருந்து ஒவ்வாமை நோயாளிகளோடு நான் சற்று அதிக நேரம் உட்காருவது வழக்கம். காரணமான மருந்தின் பெயரையும், அதன் உறவு மருந்துகளின் பெயர்களையும் தெளிவான எழுத்தில் ஓர் அட்டையில் எழுதித் தருவேன். கார்பமசெபின் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஃபெனிடாயினும் ஃபீனோபார்பிட்டோனும் ஆகாமல் போகலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் உடன்பிறந்தவர்களிடமும் பிள்ளைகளிடமும் சொல்லி வைக்கச் சொல்வேன். அட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் பணப்பையில் வைத்துக்கொள்ளும்படியும், பல் பிடுங்கப் போனாலும் முதலில் அதை நீட்டும்படியும் சொல்வேன். அடுத்த வாரம் வரும்போது வீட்டில் இருக்கும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருப்பேன். ஒரு முறை ஓர் அம்மையார் தம்முடைய பையோடு, கணவருடைய பையையும் மகனுடைய பையையும் சேர்த்துக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். மூன்றையும் பிரித்துப் பார்த்து முடிக்க அன்று ஒரு மணி நேரம் ஆயிற்று.